பேசும் கருவியின் ஆயுட்காலம்

ஒரு பொருளை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கலாம், எப்போது அதைக் கைவிட்டுப் புதியது வாங்கலாம் என்னும் கேள்வி, இன்று நம் இல்லங்களில் பெரும்பாலும் திறன்பேசியை முன்னிட்டே எழுகின்றது. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளியாயிற்று. இடைத்தரமான திறன்பேசி ஒன்றின் விலை அத்தொகையை எளிதில் எட்டிவிடுகின்றது. உயர்தரமானதோ அதன் மும்மடங்கையும் கடக்கின்றது. ஒரு மாத உழைப்பையோ மூன்று மாத உழைப்பையோ விழுங்கும் பொருளை மூன்றாண்டுக்கொரு முறை மாற்றுவதா, ஆறாண்டு வைத்துக் காப்பதா என்பது சிறிய கேள்வியன்று. ஆயினும் இதனைப் பலரும் நாகரிகம் பற்றிய கேள்வியாகவும், இளையோரின் ஆசை பற்றிய கேள்வியாகவுமே கருதிப் பேசி முடித்துவிடுகின்றனர். இதற்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றில் நாம் வாழும் பினாங்கு மாநிலத்திற்கும் ஓர் இடம் உண்டு.

நம் தாத்தா பாட்டியர் காலத்தில் 'தொலைபேசியை எப்போது மாற்றலாம்?' என்று எவரும் கேட்டதில்லை. அக்காலத்தில் ஒரு வீட்டிற்கு வந்து சேர்ந்த தொலைபேசி அவ்வீட்டாரின் உடைமையாக இருந்ததில்லை. அது தொலைபேசி இலாகாவின் சொத்து. சந்தாதாரர் மாதந்தோறும் கட்டணம் செலுத்தினார். கருவி கெட்டுப்போனால் இலாகாவின் ஊழியர் வந்து பழுது பார்த்தார். அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே பெல் தொலைபேசி அமைப்புக்காக வெஸ்டர்ன் எலக்டிரிக் நிறுவனம் '500' என்னும் எண் பெயர் கொண்ட தொலைபேசியை 1950ஆம் ஆண்டு வாக்கில் பரவலாக்கியது. ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த அக்கருவி, கனமான உடலும், கழற்றி மாட்டத்தக்க உறுப்புகளும், கீழே விழுந்தாலும் உடையாத உறுதியும் கொண்டது. 1984 ஜனவரி முதல் நாள் பெல் அமைப்பு பிரிக்கப்படும் வரை மிகப் பல வீடுகளில் அது வாடகைக் கருவியாகவே மணியடித்துக் கொண்டிருந்தது.

அக்கருவி ஏன் அத்தனை உறுதியாகச் செய்யப்பட்டது? செய்தவர்கள் அறநெறியில் சிறந்தவர்கள் என்பதனால் அன்று. கருவி பழுதானால் செலவு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. ஊழியரை அனுப்பும் செலவைக் காட்டிலும் உறுதியாகச் செய்யும் செலவு குறைவு. ஆதலால் உறுதியாகச் செய்தார்கள். பின்னர்க் கருவி வாங்குவோரின் உடைமையானது. பழுதின் செலவும் அவர் தலைக்கு மாறியது. செய்பவருக்கோ, கருவி விரைவில் ஓய்ந்தால் இழப்பில்லை. மறு விற்பனையே வரும். ஒரு பொருளின் ஆயுள் எவ்வளவு என்பதை, அது சாகும்போது செலவை ஏற்பவர் யார் என்பதே பெரிதும் தீர்மானிக்கின்றது. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் திறன்பேசியின் கதை முழுவதும் விளங்கிவிடும்.

பொருளின் ஆயுளைத் திட்டமிட்டே குறுக்கும் வழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று. 1924ஆம் ஆண்டு மின்விளக்குக் குமிழ் செய்யும் பெருநிறுவனங்கள் பல, ஜெனிவாவில் ஒன்றுகூடி 'ஃபீபஸ்' என்னும் கூட்டணியை அமைத்தன. ஜெர்மனியின் ஓஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ் ஆகியவை அதில் இருந்தன. அதற்குமுன் 1,500 மணி, 2,000 மணி என எரிந்துவந்த குமிழ்களின் ஆயுளை 1,000 மணியாக்கவேண்டும் என்பது கூட்டணியின் முடிவு. மிகுதியாக எரியும் குமிழைச் செய்த உறுப்பினர்களுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது! ஆயுள் குறைந்த குமிழ் கூடுதல் ஒளி தரும் என்பது அவர்கள் கூறிய சமாதானம். அதில் அறிவியல் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் நீண்ட நாள் எரிந்ததற்கு அபராதம் விதித்தவர்களின் நோக்கம் ஒளி மட்டும்தான் என்று நம்புவது கடினம்.

மோட்டார் வாகனத் தொழிலில் வேறொரு வழி காணப்பட்டது. ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை 'டி' மாதிரி வண்டி ஒன்றையே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி அளவில் செய்து விற்றார். அவருக்குப் போட்டியாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன், ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றும் முறையைக் கொண்டுவந்தார். பழைய வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது; ஓட்டுபவருக்கு மட்டும் அது பழையதாகத் தோன்றியது. குமிழில் பொருளின் ஆயுள் குறுகியது. வண்டியில் வாங்கியவரின் மனநிறைவின் ஆயுள் குறுகியது. இன்று ஆண்டுதோறும் செப்டம்பரில் அரங்கேறும் கைப்பேசி அறிமுக விழாக்கள் ஸ்லோனின் வழிவந்தவையே எனலாம். 1932ஆம் ஆண்டு, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, பெர்னார்டு லண்டன் என்னும் அமெரிக்கர், பொருள்களுக்கு அரசாங்கமே ஆயுளை வரையறுத்து, அக்காலம் கழிந்தபின் அவற்றை அழித்துவிடவேண்டும் என்றும், அப்போதுதான் தொழிற்சாலைகளில் வேலை பெருகும் என்றும் ஒரு சிறு நூலே எழுதினார்.

இக்கூற்றைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் பினாங்கில் வாழ்பவர் முழுமனத்தோடு சிரித்துவிட முடியாது. 1969ஆம் ஆண்டு பினாங்குத் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. அவ்வாண்டு முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் இயூ, மின்னணுத் தொழிலை இங்கே வரவழைக்க முனைந்தார். 1972ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் தோன்றியது. நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஹியூலெட் பேக்கார்டு, ஹிட்டாச்சி முதலிய நிறுவனங்கள் வந்தன. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை பினாங்கில்தான் எழுந்தது. நகரத்துச் சீனப் பெண்கள், கம்பத்து மலாய்ப் பெண்கள், தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் என மூவினத்தாரும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினர். நம் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் பலருக்கு அன்னையர் ஈட்டிய அச்சம்பளமே புத்தகமும் சீருடையுமாயிற்று. 1985ஆம் ஆண்டு உலகச் சில்லுச் சந்தை சரிந்தபோது இத்தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. உலக மக்கள் புதிய கருவி வாங்குவதை நிறுத்தினால் பாயான் லெப்பாசில் அடுப்பு அணையும் என்பதை இம்மாநிலத்தார் அனுபவித்து அறிந்தவர்கள். 'பழையதையே வைத்திரு' என்னும் அறிவுரையைப் பினாங்கிலிருந்து வழங்கும்போது இதனையும் சேர்த்தே எண்ணவேண்டியுள்ளது.

கைப்பேசி நம் நாட்டுக்கு வந்த வரலாறு வேகமானது. 1985ஆம் ஆண்டு தொலைத்தொடர்பு இலாகா 'அத்தூர் 450' என்னும் கம்பியில்லாத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. பெரும்பாலும் வாகனத்தில் பொருத்தப்பட்ட அக்கருவி செல்வர்க்கே எட்டுவதாய் இருந்தது. 1989இல் செல்கோமின் 'ஆர்ட் 900' வந்தது. 1995இல் இலக்கமுறைச் சேவைகள் வந்தன. 2005இல் 3ஜி, 2013இல் 4ஜி, 2021ஆம் ஆண்டின் இறுதியில் 5ஜி. ஒவ்வொரு புதிய அலைவரிசை முறையும் முந்தியதை ஒருநாள் ஓய்வு பெறச் செய்யும் என்பது இதில் அடங்கியுள்ள செய்தி. வாங்குபவருக்கு அதனை எவரும் சொல்வதில்லை.

இனிக் கருவியின் உள்ளே நோக்குவோம். திறன்பேசியில் முதலில் முதுமை அடையும் உறுப்பு மின்கலன். சோனி நிறுவனம் 1991ஆம் ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் மின்கலனே இன்றும் எல்லாக் கைப்பேசிகளிலும் உள்ளது. அது இரசாயனப் பொருள்; ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் சிறிது தேய்கின்றது. சில நூறு சுற்றுகளுக்குப் பின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது அதன் இயல்பு. 2000ஆம் ஆண்டில் வந்த நோக்கியா 3310 போன்ற கைப்பேசிகளில் பின்மூடியை நகத்தால் நெம்பி, கடையில் வாங்கிய புதிய மின்கலனை நாமே பொருத்தினோம். 2007 ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபோனில் மின்கலன் உள்ளே மூடிவைக்கப்பட்டது. நாளடைவில் ஏனையோரும் அவ்வழியே சென்றனர். கருவி மெலிந்தது, நீர் புகாமல் காக்கவும் இயன்றது என்பது உண்மையே. ஆயினும், மாற்றத்தக்க ஓர் உறுப்பின் தேய்மானம் கருவி முழுவதன் முதுமையாகத் தோன்றத் தொடங்கியதும் அப்போதுதான்.

இதன் விளைவு 2017ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டது. மின்கலன் தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைப்பதை ஆப்பிள் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைந்துபோகாமல் காக்கவே அவ்வாறு செய்ததாக அது கூறியது. அக்காரணம் பொய்யன்று. ஆனால் பயன்படுத்துவோருக்கு அது சொல்லப்படவில்லை. கருவி மெதுவாகிவிட்டது, காலம் முடிந்துவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியவர்களுக்கு, மின்கலனை மாற்றியிருந்தாலே போதும் என்பது பின்னர்த்தான் தெரிந்தது. 2018இல் அந்நிறுவனம் மின்கலன் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2019 ஜனவரியில் அதன் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களுள் ஒன்றாக, மக்கள் மலிந்த விலையில் மின்கலனை மாற்றிக்கொண்டதையும் குறிப்பிட்டார். பழைய கைப்பேசியை வைத்திருப்பது இயலக்கூடியதே என்பதற்கு, அதனைச் செய்பவரே அளித்த சான்றாக இக்கடிதத்தைக் கொள்ளலாம். 2020 பிப்ரவரியில் பிரான்சு நாடு இவ்விவகாரத்திற்காக ஆப்பிளுக்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது.

மின்கலனையேனும் மாற்றலாம், மென்பொருளும் அலைவரிசையும் நம் கையில் இல்லை. இதனை நம் பள்ளிகள் அறிந்துகொண்ட விதம் தனியே பதிவு செய்யத்தக்கது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறை கைப்பேசித் திரைக்குள் நுழைந்தது. கல்வி அமைச்சு அவ்வாண்டில் நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. அந்நிலையில் அலமாரிகளில் கிடந்த பழைய கைப்பேசிகள் வெளியே வந்தன. தந்தை கழித்தது மகனுக்கு. அக்காள் கழித்தது தம்பிக்கு. சித்தப்பா கொடுத்தது மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாய். காலையில் ஒருவர், நண்பகலில் ஒருவர், தந்தை வேலை முடிந்து திரும்பியபின் இரவில் ஒருவர் என முறைவைத்து ஒரே கருவியில் பயின்ற குடும்பங்களை இந்நாட்டுத் தமிழாசிரியர்கள் அனைவரும் அறிவர். விரிசல் விட்ட திரையில் வெண்பலகையின் எழுத்தைத் தேடிய கண்களையும் அறிவர். சந்தையால் கழிக்கப்பட்ட கருவிகளே இல்லிருப்புக் கற்றலைத் தாங்கின என்றால் அது மிகையன்று.

பள்ளிகள் 2021 அக்டோபர் மாதம் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அடுத்த மாதம் முதல் நாள், பழைய ஆண்டிராய்டு இயங்குதளம் கொண்ட கைப்பேசிகளில் வாட்சாப் தன் சேவையை நிறுத்தியது. அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாளுடன் நாட்டின் 3ஜி சேவை முடிவுக்கு வந்தது. அலைவரிசைகளை 4ஜிக்கு ஒதுக்கி இணைய வேகத்தைக் கூட்டும் 'ஜென்டேலா' திட்டத்தின் ஒரு பகுதி அது. நாட்டுக்கு நன்மை தரும் திட்டம் என்பதில் ஐயமில்லை; தோட்டப்புறங்களிலும் இணையம் மேம்பட வழி பிறந்தது. ஆயினும் 3ஜியோடு நின்ற திறன்பேசிகள் அன்று நள்ளிரவு கடந்தபின், வீட்டில் வேறு இணையத் தொடர்பு இல்லையெனில், பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமே உதவும் கருவிகளாயின. திரை நன்றாயிருந்தது, மின்கலன் இருந்தது, பேணியவரின் கவனமும் இருந்தது; ஆனாலும் ஆயுள் முடிந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2ஜி சேவை நிறுத்தப்படாமையால், அவற்றினும் பழைய பொத்தான் கைப்பேசிகள் எப்போதும்போல் ஒலித்துக்கொண்டிருந்தன. தாத்தாவின் கைப்பேசி பிழைத்தது. பேரனின் கைப்பேசி பிழைக்கவில்லை.

இத்தகைய வேளைகளில் வாங்குபவரின் பக்கம் நின்று பேசும் மரபு ஒன்று பினாங்குக்கு உண்டு என்பதை மறத்தலாகாது. 1969ஆம் ஆண்டு தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தைத் தமிழ்நாட்டில் பிறந்து இங்கு வாழ்ந்த எஸ். எம். முகமது இட்ரிஸ், 2019 மே மாதம் மறையும் வரை பல்லாண்டுக் காலம் தலைமையேற்று நடத்தினார். விலை குறைவா, அளவு சரியா என்பதோடு நில்லாமல், இப்பொருள் நமக்குத் தேவைதானா என்றும் கேட்கச் சொன்னது அச்சங்கம். அதில் பணியாற்றிய அன்வர் ஃபசல் 1978ஆம் ஆண்டு அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்புக்குத் தலைவரானார். 1983 முதல் மார்ச் 15ஆம் நாள் உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுவது அவர் முன்வைத்த கருத்தின் பயனே. சில்லுகளைப் பொருத்திய அதே ஊர், பொருளை வாங்குமுன் சிந்திக்கவும் கற்பித்தது.

நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவைத் தமிழர்கள் பலர் படித்ததில்லை. ஒரு பொருளுக்கு நியாயமான காலம்வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளரின் கடமை என அது கூறுகின்றது. அவ்வசதி கிடையாது என வாங்குபவருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டால் கடமை நீங்கும் என்னும் விலக்கும் அதிலேயே உள்ளது. 'நியாயமான காலம்' எத்தனை ஆண்டு என்று சட்டம் வரையறுக்கவில்லை. அவ்வரையறையை ஐரோப்பா இப்போது செய்துள்ளது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் திறன்பேசிகளின் மின்கலன், 800 சுற்றுகளுக்குப் பின்னும் எண்பது விழுக்காடு ஆற்றலைக் கொண்டிருக்கவேண்டும்; விற்பனை முடிந்தபின் ஏழாண்டுக் காலம் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டும்; மென்பொருள் மேம்பாடு ஐந்தாண்டுக்கேனும் தொடரவேண்டும். மாதிரி 500 தொலைபேசியில் நிறுவனம் தானே சுமந்த பொறுப்பை, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் சட்டத்தின் வழியே மீண்டும் அதன் தோளில் ஏற்றும் முயற்சி இது.

சட்டத்துக்குமுன் போட்டியும் சற்று உதவியது. 2011ஆம் ஆண்டு கூகலும் ஏனைய நிறுவனங்களும் பதினெட்டு மாத மேம்பாட்டுக்கு வாக்களித்து, அதனையும் ஒழுங்காகக் காப்பாற்றவில்லை. 2023 அக்டோபரில் கூகல் தன் பிக்சல் 8 கைப்பேசிக்கு ஏழாண்டு மேம்பாடு உறுதியளித்தது; 2024 ஜனவரியில் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கு அவ்வாறே அறிவித்தது. ஆனால் மலிவான மாதிரிகள் பலவற்றுக்கு இவ்வுறுதி இல்லை. நெடுநாள் வைத்திருக்கவேண்டிய ஏழைக்கு விற்கப்படும் கருவியே குறைந்த ஆயுளோடு வருவது, இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்தும் பகுதி.

ஆகவே மாற்றுவதா, வைத்திருப்பதா என்று கேட்டு வரும் பெற்றோரிடம், கருவி மெதுவாயிற்று என்பதற்காக மாற்றவேண்டாம், முதலில் மின்கலனை மாற்றிப் பாருங்கள் என்பேன். கொம்தார் வட்டாரத்துக் கடைகளில் சிறு திருப்புளியோடு அமர்ந்திருக்கும் இளைஞர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொடுக்கும் வேலை அது. பாதுகாப்பு மேம்பாடு நின்றுபோன கருவியில் மட்டும் வங்கிக் கணக்கை வைத்திருத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழி வரும் உறுதிப்பாட்டு எண்களைக் கைவிட்டு வேறு பாதுகாப்பான முறைகளுக்கு மாறுமாறு வங்கிகளைப் பணித்தது. அதனால் பணப் பரிமாற்றம் கைப்பேசிச் செயலியையே சார்ந்துள்ளது. அத்தகைய பழைய கருவி பிள்ளைகளின் அகராதியாக, பாட்டியின் வானொலியாக, நிழற்படக் கருவியாக இன்னும் நெடுநாள் பயன்படும். புதிதாக வாங்கும்போது, படக்கருவியின் திறனைக் கேட்குமுன் மேம்பாடு எந்த ஆண்டுவரை என்று கேட்கவேண்டும். கடைக்காரருக்கு விடை தெரியாமற் போகலாம். நிறுவனத்தின் இணையத்தளத்தில் அது இருக்கும். கருவி ஒன்று உருவாகி, பயன்பட்டு, கழியும் வரை உண்டாகும் கரிவளிச் சுமையில் ஐந்தில் நான்கு பங்கை ஒட்டிய அளவு அது செய்யப்படும்போதே உண்டாகிவிடுகின்றது என்று ஆப்பிள் நிறுவனத்தின் அறிக்கைகளே காட்டுகின்றன. 2022ஆம் ஆண்டில் உலகம் கழித்த மின்னியல் குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடு.

கடையில் வாங்கிய பொருளைப் பற்றிய வழக்கெனில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் விசாரிக்கின்றது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 37ஆம் பிரிவைச் சுட்டி, மூன்றாண்டுக் கைப்பேசிக்கு உதிரிப்பாகம் கிடைக்காத நிலையை அம்மன்றத்தின் முன் வைக்க எவருக்கும் வழியுண்டு.

2021இல் விட்டுவைக்கப்பட்ட 2ஜி சேவைக்கும் ஒருநாள் முடிவு வரும். அண்டை நாடான சிங்கப்பூர் 2017 ஏப்ரல் மாதமே அதனை நிறுத்திவிட்டது. இன்று பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ பொத்தான் கைப்பேசி வாங்கச் செல்வோர், 4ஜி அலையில் குரல் அழைப்பு இயங்குமா எனக் கேட்டு வாங்குவது நலம். அவ்வசதியுள்ள பொத்தான் கைப்பேசிகள் கடைகளில் கிடைக்கின்றன.